புயல் நாளுக்குச் சம்பளம் உண்டா?

எங்கள் வீட்டில் குதித்து விளையாடும் டிராம்போலினைப் பழைய வேட்டியால் வேலியில் கட்டியவன் நான்தான். "கயிறு வாங்கிட்டு வாங்க" என்று என் மனைவி அஸ்வினி சொன்னாள். எட்டு முழ வேட்டி தாங்காத காற்றா என்று கேட்டேன். அந்தக் கேள்வி இந்த நாட்டின் ஜூலை மாதக் குளிர்காலப் புயலுக்குப் பிடிக்கவில்லை. விடியும்போது டிராம்போலின் வேலியைத் தாண்டிப்போய், பக்கத்து வீட்டு ஜனார்த்தனின் கார் கண்ணாடியை நொறுக்கி, அதன்மேலேயே சிம்மாசனம் போட்டிருந்தது. நாங்கள் குடியிருக்கும் தகனினியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கார் வந்துபோக ஒரே டிரைவ்வே. அவன் கார் நகராமல் என் கார் வெளியே வர வழியில்லை. ரயிலும் ஓடவில்லை.

கண்ணாடிச் செலவு என்னுடையது என்று அவனிடம் அப்போதே ஒத்துக்கொண்டேன். அலுவலகத்திடம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இருவருக்கும் நகரின் மறுகோடியில் ஆல்பனியில் ஒரே அலுவலகம். நான் அங்கே பழைய பெருச்சாளி. அவன் இன்னும் ட்ரையலில் இருப்பவன். வேலை நிலைத்தால்தான் விசா நிலைக்கும். அன்று காலை வந்த மின்னஞ்சல் தெளிவாகவே இருந்தது: பாதுகாப்பாக வர முடியாதவர்களுக்குச் சம்பளம் உண்டு. தவிர்த்திருக்கக்கூடிய காரணம் என்றால் சொந்த லீவு. லீவு சேராதவர்களுக்கு ஆப்சென்ட்.

'தவிர்த்திருக்கக்கூடிய' என்ற சொல் என் வேட்டியைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. "வாசலில் புயல் குப்பை, வர முடியவில்லை" என்று மேனேஜர் சுகந்தினிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பிய விரலாகத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், சுகந்தினியும் ஜனார்த்தனும் கண்ணாடி அறைக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் யாழ்ப்பாணம். வேகமாகக் கதைத்தால் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதியில் என் பெயர் இருப்பதாகவே தோன்றும்.

அவன் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன பேசினீங்க?"

"நேற்றையான் கதைதான் அண்ணை. காத்து, மழை."

"வேற?"

"வேற என்ன இருக்கு? இந்தாங்கோ, மீன் ரோல்ஸ். சூடாக்கினது."

காட்டிக்கொடுத்தவன்தான் ரோல்ஸ் நீட்டுவான் என்றது மனம். ரோல்ஸ் ருசியாக வேறு இருந்ததா, சந்தேகம் உறுதியானது. இரண்டாவதையும் தின்றேன்.

மதியம் அவனைச் சுகந்தினி மறுபடி அழைத்திருப்பது தெரிந்தது. விஷயம்: வருகைப் பதிவு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு முன்னால் நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"ஜனார்த்தனுக்கு நேத்து ஆப்சென்ட்டா?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மாதாங்க."

"சும்மா கேக்கவே இப்பிடி வேர்க்குது? ஹீட்டரைக் குறைக்கட்டோ?" என்றவர், தன் போனை என் பக்கம் திருப்பினார். நொறுங்கிய கார். அதன்மேல் என் டிராம்போலின்.

"ஜனார்த்தன் அனுப்பினவர். ஆருடைய சாமான் எண்டு கேட்டன். காத்து கொண்டு வந்தது எண்டுறார். திருப்பிக் கேட்டாலும் அதே பதில். அவருடைய சாமான் எண்டால் ஒழுங்காக் கட்டியிருக்கலாம் எண்டு மேலிடம் சொல்லும். நான் என்னத்தை எழுதுறது, சந்தீப்?"

தன் வேலையையே பணயம் வைத்து, அவன் என் பெயரை விழுங்கியிருக்கிறான். நான் அவன் ரோல்ஸை விழுங்கிக்கொண்டே அவனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"என்னோடதுங்க. நான்தான் சரியா கட்டல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

சுகந்தினி ஏதோ தட்டச்சினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அவன் வேலைக்கு ஏதாச்சும் ஆகுமா? சுத்தி வளைக்காம சொல்லிடுங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஜனார்த்தனுக்கு நேற்றையான் சம்பளம் உண்டு. ட்ரையலுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களுக்கு ஒரு நாள் லீவு வெட்டுறன்."