முக்கோணம் பன்னிரண்டில்

ஆழ்நீர்க் கடிகார ஆர்வலர் மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர். அவர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. இதை யாரும் குறையாக நினைத்ததில்லை. இருநூறு மீட்டர் ஆழத்தைத் தாங்கும் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்வார்கள். கை கழுவும்போது கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

மன்றத் தலைவருக்குப் பெயர் கேப்டன். குளியலறை டைல்ஸ் வியாபாரம் செய்தவர். தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஒருமுறை ஆற்றைக் கடக்கப் படகில் ஏறி, பாதி வழியில் வாந்தி எடுத்து, மீதி வழியைப் படகோட்டியின் மடியில் படுத்தே கடந்தார். ஆனாலும் "கடல்ங்கிறது ஒரு ஒழுக்கம்" என்று அவர் பேச ஆரம்பித்தால், கேட்பவர்களுக்குச் சட்டை நனைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

கூட்டம் விடுமுறை நாட்களில் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் அறையில், ஈறு நோய்ப் படங்களுக்குக் கீழே நடக்கும். பல் டாக்டர் மன்றத்தின் மாற்றுக் கட்சி. பழைய கடிகாரத்தைப் பிரித்து, ஒன்றின் உடலில் இன்னொன்றின் முகத்தைப் பொருத்தி, மூன்றாவதின் முட்களைச் செருகிப் புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பார். பாலிஷ் போடும் மெஷின் அவரிடமே இருந்தது. அது காலையில் யார் வாயில் இருந்தது என்று நாகரிகம் கருதி யாரும் கேட்பதில்லை. கேப்டன் எதிர்க் கட்சி. பழசைப் பழசாகவே விட வேண்டும் என்பார். அவர் அகராதியில் உயர்ந்த சொல் ஒன்றுதான்: தொடாதது.

இரண்டு கட்சிக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு படம், முடித்த பின் ஒரு படம் எடுத்து மன்றத்தின் குழுவில் போட வேண்டும். படத்தில் முட்கள் பத்து பத்தைக் காட்ட வேண்டும். அப்போதுதான் கடிகாரம் சிரித்த முகமாக இருக்கும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தின் முக்கோணக் குறி நேராக உச்சியில், பன்னிரண்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கேப்டன் படத்தை எடுத்துவிடச் சொல்வார். "தலை வாராம போட்டோவுக்கு நிப்பீங்களா?" என்பார். அவருக்கு வழுக்கை.

இந்தப் பதினோரு பேரில் ஒருவன்தான் லென்ஸ். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் வேலை என்பதால் மன்றத்தில் வைத்த பெயர். வீட்டில் அவன் மனைவி வைத்த பெயர்கள் வேறு. "டிரம்முல தண்ணி மொள்ளவே பயப்படற ஆளுக்குக் கடல் வாட்சு ஒரு கேடு" என்பாள்.

உண்மையாகவே தண்ணீருக்குள் இறங்கியவர் அவன் அண்ணன். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி எடுப்பது அவர் வேலை. அவரிடமும் ஒரு கடிகாரம் இருந்தது, அதே பழைய வகை. அவர் அதை ரசித்ததாகத் தெரியவில்லை. நீரில் இறங்கும் முன் வளையத்தைத் திருப்பி, முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைப்பார். அதன் பிறகு எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை வளையமே சொல்லிவிடும். வீட்டில் முட்டை வேக வைத்தாலும் அப்படியே செய்வார். மன்றத்தில் இதை ஒருமுறை சொன்னபோது, "முட்டைக்கா?" என்று கேப்டன் மார்பில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் ஒரு நாள் மேலே வரவில்லை. கொண்டுவரப்பட்டார்.

ஒன்பது மணிக்கு இறங்கியவர், அனுமதித்த நேரம் தாண்டியும் கீழேயே இருந்துவிட்டார், அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்று வேலை கொடுத்த ஆபீஸ் சொன்னது. அண்ணி அதை நம்பவில்லை. "அவரா? நேரத்தையா?" என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் கேட்டாள். வந்தவர்கள் தலையாட்டினார்கள், போனவர்களும் தலையாட்டினார்கள்.

லென்ஸ் அழவில்லை. இழவு வீட்டில் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் காது கழன்று தொங்குவதைப் பார்த்து, பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து முறுக்கிக் கொடுத்தான். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்கள். அவற்றையும் முறுக்கினான். "கல்லு மாதிரி இருக்கான்பா, பாராட்டணும்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல்லுக்கும் விழுந்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையை அவனிடம் கொடுத்தாள். உள்ளே அண்ணனின் கடிகாரம். "நின்னு போச்சு தம்பி. ஓட வெச்சுக் குடுங்க" என்றாள்.

அவன் கடிகாரத்தை மேஜை விளக்கின் கீழ் வைத்தான். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அண்ணனின் மணிக்கட்டு இருந்த இடத்தைப் பார்த்தால் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். எதுவும் வரவில்லை. கைகள் சும்மா இருக்கவில்லை. பழகிய கைகள், பழகியதைச் செய்தன. பக்கவாட்டுத் திருகை இழுத்து முட்களைப் பத்து பத்துக்குக் கொண்டுபோயின. வளையத்தைத் திருப்பின. அது சர்க்கரையை மெல்வது போன்ற சத்தத்துடன் அசைந்தது. முக்கோணம் உச்சிக்கு வந்ததும் படம் எடுத்துக் குழுவில் போட்டான். கீழே, மன்றத்து வழக்கப்படி, எழுதினான்: "கடலிலிருந்து கைக்கு வந்தபடியே. தொடாதது."

கேப்டன் உடனே பதில் போட்டார்: "கண் கலங்குகிறது."

பிறகு அவன் அதைப் பிரித்தான். தேய்ந்த பற்சக்கரத்தை மாற்றினான். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றினான். இருட்டில் ஒளிரும் பூச்சு உதிர்ந்த முட்களுக்குப் பதில் புது முட்கள். உடலைப் பல் டாக்டரின் மெஷினில் கொடுத்து முகம் தெரியும்படி பாலிஷ். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷர் புதிது, கைப்பட்டையும் புதிது. முடித்த பின் எடுத்த படத்துக்கு மன்றமே எழுந்து நின்றது. பெருமை தாங்காமல் அவன் மனைவி இரண்டு படங்களையும், கீழே அவன் எழுதியதோடு, அண்ணிக்கு அனுப்பினாள். கணவனைப் பற்றி அவள் பெருமைப்பட்டது அபூர்வம். அந்த அபூர்வம்தான் வினையாயிற்று.

அடுத்த நாள் அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, படம் பாத்தேன். நல்லா பண்ணியிருக்கீங்க."

"ம்."

"கயிறு பிடிக்கிறவர் வந்திருந்தார். உங்கண்ணன் கீழ இறங்கினா மேல நின்னு கயிறு பிடிப்பாரே, அவர்தான். அன்னைக்கு ஒன்பது மணிக்கு இறங்கவே இல்லையாம். காத்து அனுப்பற மெஷின் மக்கர் பண்ணி, அதைத் தட்டிக் கொட்டி, ஒன்பதே காலுக்கு மேலதான் இறங்கினாராம். நேரமெல்லாம் தாண்டல, காத்துதான் நின்னுருக்கும்னார். வளையத்தைத் திருப்பினதைக் கண்ணால பாத்தேன், வாட்சுல முக்கோணம் மூணாம் நம்பர் பக்கம் நிக்கும், போய்ப் பாருங்கன்னார்."

லென்ஸ் போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"படத்துல உச்சிலதானே நிக்குது? சரியா மணி அடிச்சப்ப இறங்கியிருக்கார். தொடாததுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஆபீஸ்காரங்க சொன்னதுதான் நிஜம். நான் அந்த மனுஷனைப் போய், எதுக்குய்யா இப்படிப் பொய் சொல்றேன்னு கேட்டு அனுப்பிட்டேன். ஊருக்கே டைம் சொல்ற ஆளு தம்பி அவரு. எங்களை நினைச்சாவது டைமைப் பாத்திருக்கலாம்ல? ஞாயித்துக்கிழமை வரேன். அதைக் குடுங்க. எங்கயாவது அடியில போட்டு வெச்சிடறேன், கண்ணுல படாம."

"சரி அண்ணி" என்றான்.

போனை வைத்தான். அண்ணன் ஒரே ஒரு சாட்சியை விட்டுப் போயிருந்தார். அந்தச் சாட்சிக்கு இவன் தலை வாரி, பவுடர் பூசி, பொய் சொல்ல வைத்திருக்கிறான். திருப்புவதற்கு முன் முக்கோணம் எங்கே நின்றது? கண்ணை மூடிப் பார்த்தான். உப்பு தெரிந்தது. சர்க்கரைச் சத்தம் கேட்டது. குறி தெரியவில்லை. நாள் முழுவதும் அடுத்தவர் பார்வைக்குக் கால் பவர் அரை பவர் பிசகாமல் லென்ஸ் அறுக்கிறவன் அவன்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை வராங்களாம்."

நடுவில் வந்த ஒரு விடுமுறையில் கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். கேப்டன் நீண்ட நேரம் ஈறுகளைப் பார்த்தார், சுவரில் இருந்தவற்றை.

"லென்ஸ், உணர்ச்சிவசப்படாதீங்க."

"படல" என்றான் லென்ஸ். அதுதான் உண்மை.

"தொடாததுன்னு எழுதினா, தொடவே இல்லைன்னா அர்த்தம்? அது ஒரு ரசனை. நான் போட்ட முப்பது படத்துல ஒண்ணாவது தொடாம எடுத்ததா? இப்ப நீங்க போய் தொட்டேன்னு ஊரைக் கூட்டினா மன்றத்தோட மானம் என்ன ஆகும்?"

பல் டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். இவர் காரியக்காரர்.

"இதுக்கு ஏன் இவ்வளவு? முக்கோணம் எங்க வேணும்? மூணு பக்கமா? பழைய கண்ணாடி, பழைய முள்ளெல்லாம் வெச்சிருக்கீங்கல்ல? திரும்ப மாட்டிடுவோம். உப்புத் தண்ணியில ஊறவெச்சு, லேசா சூடு காட்டினா ஒரே நாள்ல பத்து வருஷம் ஏறிடும். படம் எடுத்து, இதுதான் முதல்ல எடுத்ததுன்னு காட்டுங்க. அவங்க மனசும் ஆறும். உண்மைகூட அதுவாத்தானே இருக்கும்?"

"இருக்கும்" என்றான் லென்ஸ். "இல்லாமயும் இருக்கும்."

"அட, அது யாருக்குத் தெரியும்!"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று எழுந்தான். வீரமாகச் சொல்லவில்லை. ரசீதைப் படிப்பது போலத்தான் சொன்னான். கேப்டன் மட்டும் அதில் வீரத்தைப் பார்த்துப் பயந்து, "படத்தை எடுத்துடாதீங்க, இதுவரைக்கும் அதிக லைக் வாங்கினது அதுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மேஜையில் கடிகாரம் பளபளத்தது. அவள் அதைத் தாண்டி வேறெங்கோ தேடினாள்.

"எங்க?"

"இதுதான் அண்ணி."

"இதா?" கையில் எடுத்தாள். "அவர் கீறலெல்லாம்?"

"பாலிஷ் போட்டதுல போயிடுச்சு."

"ஓடுது" என்றாள், காதில் வைத்துப் பார்த்து. பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

"அண்ணி, படத்துல இருக்கற முக்கோணம் நான் வெச்சது."

"எது?"

"அந்த வளையம். உச்சில நான்தான் திருப்பி வெச்சேன். அண்ணன் வெச்சது இல்ல."

"தொடாததுன்னு போட்டிருந்தீங்களே?"

"அப்படித்தான் போடுவோம்."

"எதுக்குத் திருப்பினீங்க?"

"படத்துக்கு" என்றான். போதாது என்று தோன்றியதால், "அழகா இருக்கும்" என்று சேர்த்தான்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"சரி. அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"பாக்கல."

"கையிலதானே வெச்சிருந்தீங்க?"

"கையிலதான் வெச்சிருந்தேன் அண்ணி. பாக்கல."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் எங்காவது வலித்திருக்கும். அவள் அடிக்கவில்லை. அவனை ஒரு பொருளைப் பார்ப்பது போல் பார்த்தாள், விலை கேட்கத் தோன்றாத பொருளை. பிறகு தன் போனை எடுத்து அழுத்தினாள்.

"அண்ணே, நான்தான் பேசறேன். அன்னைக்கு உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் படம் தப்பு. இல்ல, இல்ல, நிஜமா எங்க இருந்துச்சுன்னு தெரியல. பாக்கலையாம்." மறுமுனையில் ஏதோ கேள்வி. "என் கொழுந்தன்தான். ஆமா, வாட்சு பத்தியெல்லாம் நல்லாத் தெரிஞ்சவர்தான். நீங்க பாத்ததை இன்னொரு தரம் சொல்லுங்க."

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். கரகரத்த குரல் அவசரமில்லாமல் வந்தது.

"மெஷின் சரியானதும் இறங்கறேன்னார். வளையத்தைத் திருப்பினார். நான் கயித்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தேன். வரட்டான்னார். இறங்கிட்டார். கால் மணி தாண்டியிருந்தது தாயி. என்கிட்ட வாட்சு கிடையாது. துறைமுகக் கடியாரத்தைப் பாத்தேன்."

"போதும்ணே. நான் நம்பறேன்" என்றாள் அண்ணி.

போனை அணைத்துவிட்டு வளையத்தைத் தன் விரலாலேயே திருப்பினாள். புது எண்ணெயில் அது சத்தமில்லாமல் வழுக்கியது. முக்கோணம் மூன்றைத் தாண்டியதும் நிறுத்திக் கைப்பைக்குள் வைத்தாள்.

"உங்க ஆளுங்ககிட்டயும் எழுதிடுங்க. இங்கயே எழுதுங்க, நான் பாக்கறேன்."

அவன் எழுதினான்: "நான் போட்ட முதல் படம் தொடாதது அல்ல. முட்களையும் வளையத்தையும் படத்துக்காக நான் திருப்பினேன். என் அண்ணன் கடைசியாக நீரில் இறங்கிய நேரம் அதில் இருந்தது. அதைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிட்டேன். அந்தப் படத்தை யாரும் நம்ப வேண்டாம்."

இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தான். தொண்டையில், கண்ணில், எங்காவது. மனைவி வாசற்படியில் ஈரக் கையோடு நின்றாள். போன் சிணுங்கியது. பல் டாக்டர் ஒரு கட்டை விரலை அனுப்பியிருந்தார். ஆடிட்டர் ஒருவர் கைகூப்பியிருந்தார். கேப்டன் குழுவை விட்டு வெளியேறி, உடனே திரும்பச் சேர்ந்திருந்தார். அடுத்து ஒரு கேள்வி வந்தது. அண்ணி குனிந்து அதைச் சத்தமாகப் படித்தாள்.

"பட்டை பிரமாதம், எங்க வாங்கினதுன்னு கேக்கறாங்க."

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கறாங்கல்ல தம்பி, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி செருப்பைத் தேடிப் போனாள்.

அவன் கடையின் பெயரை எழுதினான். இரண்டாவது மாடி என்றும் எழுதினான்.