முனியப்பனுக்கு நேர்ந்த சேவல்

எங்கள் பக்கத்தில் சேவல் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருக்கிறது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் இரண்டு சேவல் தேறினால், சாதுவானதை அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். ஆளைப் பார்த்தால் பாய்கிறதை இனத்துக்கு விட்டுவைப்பார்கள். அதன் குஞ்சுகளிலும் இப்படியே பொறுக்குவார்கள். நாலைந்து தலைமுறை பொறுக்கிய பிறகு, இந்தக் காலத்துச் சேவலுக்கெல்லாம் எங்கிருந்துதான் இவ்வளவு கோபம் வருகிறதோ என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். இந்த அறிவாளிகளில் என் மாமனார் சென்னியப்பனுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு சேவல்கள் வளர்ந்து நின்றன. இரண்டும் செவலை, ஒரே தாய்க்குப் பிறந்தவை. ஒன்று புழு கிடைத்தால் கோழிகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும். பருந்தின் நிழல் தெரிந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். இன்னொன்று கோழிகளை விரட்டிவிட்டுத் தான் மட்டும் தின்னும். மிச்ச நேரமெல்லாம் ஆட்களின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலாவதை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

"சேவலே இல்லாத பண்ணையில வேல செய்யறவ எனக்குச் சேவல் சொல்லித் தாரா," என்றார் மாமனார்.

நான் முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் சூப்பர்வைசர். நாற்பதாயிரம் கோழிகள், ஒரு சேவல்கூடக் கிடையாது. அங்கே எல்லா வேலையும் நேரத்துக்கு நடக்கிறது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். புழுவைப் பங்கு வைத்த சேவல் தீபாவளியன்று குழம்பானது. தொடைக்கறியைக் கடித்துக்கொண்டே, "இதுக்கு வீரமே பத்தாது" என்றார். வீரம் இருந்திருந்தால் ருசி கூடியிருக்குமோ என்னவோ.

அதன்பிறகு மிச்சமிருந்ததற்கு வீரம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தோள் துண்டை எடுத்து அதன் முகத்துக்கு நேராக ஆட்டுவார். அது பாயும். இவர் பின்வாங்குவார். மறுபடி ஆட்டுவார். இதைப் போனில் படமெடுத்துப் பங்காளிகள் குரூப்பில் போடுவார், அவர்களும் வரிசையாகக் கைதட்டும் பொம்மையை அனுப்புவார்கள். படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இவர் இன்னொரு கையில் ஆறடி மூங்கில் குச்சி இருக்கும், முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு இருக்கும். சேவலை ஒரு நாளாவது கையால் தொட்டுத் தூக்கியிருப்பாரா என்றால் அதுதான் இல்லை.

எங்கள் வீடு ஜேடர்பாளையம் போகிற வழியில் வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. கக்கூசும் குளியலறையும் கொல்லையின் அந்தக் கோடியில். பின்வாசலிலிருந்து முப்பது அடி நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மோகன்குமார் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுவார். வீட்டில் மாமனார், நான், ஐந்து வயது மகள் தனப்பிரியா, மூன்றே பேர்.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் பிரியா கக்கூசுக்குப் போகும்போது சேவல் பாய்ந்தது. அவள் ஓடினாள். ஓடுகிறவளைத் துரத்தத்தானே அது மூன்று வாரமாகப் பாடம் படித்திருக்கிறது. கீழே விழுந்தவளின் முகத்தில் ஏறி நின்று கால் முள்ளால் அடித்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு விரல்கடை தள்ளிக் கிழிந்திருந்தது. ஒரு விரல்கடை மேலே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும்.

மாமனார் காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்து காயத்தில் அப்பினார். "இதென்ன காயம். ரெண்டு நாள்ல காஞ்சிரும்," என்றார்.

நான் கொடுவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வயதில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முனியப்பன் கோயில் இருக்கிற கரட்டுக் குன்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "கரட்டு முனியப்பா, இந்தச் சேவலு உனக்கு. மாசிப் பொங்கலுக்கு என் கையால கொண்டாந்து தாரேன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

முடிந்தது கதை. நேர்ந்துவிட்ட சேவலைச் சாமி நாள் வரைக்கும் யாரும் அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. முள்ளையாவது மழுக்கிவிடலாம் என்றேன். அதுவும் கூடாதாம், மூளிச் சேவலை முனியப்பன் ஏற்றுக்கொள்ள மாட்டாராம். மாசிப் பொங்கலுக்கு மூன்று மாதம் இருந்தது. முனியப்பன் பாவம், அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காத சாமியின் வாயில் தன் ஆசையைத் திணித்துவிட்டு, சாமி சொல்லிவிட்டது என்று நிற்கிறவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளைப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"சாமி காரியம் மைதிலி. நாம என்ன பண்றது? மூணு மாசம்தான, அனுசரிச்சுப் போ," என்றார்.

அனுசரிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பிரியா பின்வாசலைத் தாண்ட மறுத்தாள். அறைக்குள் ஒரு வாளி வைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு அதில் போவாள். அடக்கி அடக்கி வைத்துப் பள்ளிக்கூடத்தில் பாவாடையிலேயே போய்விட்டாள். மூன்று வயதில் நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வந்தது. ஒரு சேவலின் வீரத்துக்காக என் பிள்ளை வாளியில் உட்கார வேண்டியிருந்தது. எனக்குப் பெரிய ஆசையெல்லாம் எதுவும் இல்லை. என் மகள் பயமில்லாமல் அந்த முப்பது அடியை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பண்ணையில் என்னோடு வேலை செய்யும் கோகிலவாணி ஆத்தூர்ப் பக்கம். அவள் வீட்டில் இருபது நாட்டுக்கோழி வைத்திருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எட்டி ஒதைச்சா அது சண்டைன்னு நெனச்சுக்கும். ஓடுனா தான் ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கும். நீ ரெண்டும் பண்ணாத. புடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு உன் வேலையப் பாரு. அடிக்கத்தான கூடாதுன்னாரு உங்க மாமனாரு, தூக்கக் கூடாதுன்னு சொல்லலியே?"

அன்று சாயங்காலமே தொடங்கினேன். பண்ணையில் போடுகிற ரப்பர் பூட்சைப் போட்டுக்கொண்டு, பழைய சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு கொல்லையில் நின்றேன். சேவல் ஒரு பக்கத்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு என்னைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்தது. பாயப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் நகரவில்லை. பூட்சில் நாலு முறை மோதியது. ஐந்தாவது தடவை குனிந்து முதுகை அழுத்திப் பிடித்து, இறக்கை இரண்டையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். தலையைத் தூக்கியபோதெல்லாம் விரலால் மெல்லத் தாழ்த்தினேன். அப்படியே தண்ணீர் பிடித்தேன், துணி எடுத்தேன், கோழிகளுக்குத் தீனி போட்டேன். அரைமணி நேரம் கழித்து இறக்கிவிட்டபோது அது எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்து போனது.

தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் இதுதான். முதல் வாரம் என் முழங்கையெல்லாம் கீறல். இரண்டாவது வாரம் பாய்வது குறைந்தது. மூன்றாவது வாரம் என்னைப் பார்த்தால் தானாக வழிவிட்டு ஒதுங்கியது. அப்புறம் பிரியாவைக் கூப்பிட்டு, நான் இடுக்கிக்கொண்டிருக்கும்போது அதன் முதுகைத் தடவச் சொன்னேன். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் ஒரு விரலால் தொட்டாள். தை பிறந்தபோது அவளே அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தாள். வாளியை நான் கழுவிக் கவிழ்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை.

மாமனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அருமையான சேவலு. பொட்டையாக்கிப் போட்டியேம்மா," என்றார்.

குரூப்பில் போடப் படம் இல்லாமல் போனது அவருக்குப் பெரிய துக்கம். நான் வேலைக்குப் போன நேரத்தில் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ஆட்டுகிறார் என்று பிரியா சொன்னாள். துண்டைக் கண்டால் மட்டும் சேவலுக்குப் பழைய புத்தி வந்துவிடுகிறது. பிள்ளை கட்டிக் காக்கிறதை அறுபத்தெட்டு வயதுப் பெரிய மனுஷர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

மாசிப் பொங்கல் வந்தது. காலை பத்து மணிக்குக் கிடாய், சேவல் எல்லாம் கரட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பங்காளிகளின் டெம்போ எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மாமனார் புது வேட்டி, புதுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு பின்வாசலில் வந்து நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். இறங்கிப் போய்ப் பிடிக்கிற வழியைக் காணோம்.

"சாமி, நீ போயி அந்தச் சேவல புடிச்சுட்டு வா," என்றார் பேத்தியிடம்.

"எதுக்குங்க அப்பாரு?"

"முனியப்பனுக்கு அறுக்கோணுமல்ல."

பிரியா என்னைப் பார்த்தாள். மூன்று மாதம் நான் பாடுபட்டு உண்டாக்கிய நம்பிக்கையை, பிள்ளை கையாலேயே பிடிக்க வைத்து அறுத்துத் தின்னப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது.

"நேந்தவிங்கதான் கையில கொண்டு போவோணும் மாமா. உங்க கையால தாரேன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்களே புடிச்சுக்கோங்க," என்றேன்.

டெம்போவிலிருந்து இறங்கி வந்த இரண்டு பங்காளிகள் எட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பழக்கதோஷம், புதுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சேவல் அதைப் பார்த்தது. இறக்கையைத் தாழ்த்தியது. அவர் பின்வாங்கினார். பின்னால் இந்தத் தடவை கதவு இல்லை, கோழிகளின் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. அதில் இடறி மல்லாக்க விழுந்தார். அவர் எழுவதற்குள் கெண்டைக்காலில் முள் நன்றாக இறங்கிவிட்டது. நானும் பங்காளிகளும் ஓடிப்போய்த் தூக்கி வந்து வீட்டுக்குள் உட்கார வைத்தோம்.

காலில் ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அந்தச் சனியன இங்கயே இப்பவே அறுத்துப் போடு. முனியப்பனுக்குக் கடையில வேற சேவலு வாங்கிக்கலாம்," என்றார்.

பங்காளிகளும் அதற்கென்ன, வாங்கிக்கொள்ளலாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் உடனே சத்தீஸ்கருக்குப் போன் போட்டார். என் வீட்டுக்காரர் என்னிடம் பேசினார்.

"அய்யனுக்கே அடிபட்டிருச்சு, இன்னும் என்ன பாத்துட்டு இருக்கற? மொதல்ல அதை அறு."

என் மகள் முகத்தில் ரத்தம் வழிந்தபோது அந்தச் சேவல் சாமியுடையது. இவர் காலில் ஒரு சொட்டு வந்ததும் அது வெறும் கறி. இதற்குத்தானா அத்தனை நாள் என் பிள்ளை வாளியில் உட்கார்ந்தாள்? கேட்கவே கேவலமாக இருந்தது. நான் போனில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"உங்க புள்ளைக்குத் தையல் போட்டப்ப அனுசரின்னீங்க. உங்கய்யனும் இப்ப அனுசரிக்கட்டும். இந்தச் சேவலு மேல இன்னிக்கு ஆரும் கை வைக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டேன். டெம்போக்காரர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். போகிற வழியில் கடைச் சேவல் ஒன்றை வாங்கிக்கொண்டார்களாம். முனியப்பன் அதை மறுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் நாங்கள் மூவர் மட்டும் மிஞ்சினோம். நான் காப்பித்தூள் டப்பாவை எடுக்கப் போகவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஊசி போடோணும் மைதிலி. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

என் ஸ்கூட்டர் கொல்லையில், குளியலறைச் சுவரோரம் நின்றது. அங்கிருந்து வாய்க்கால் தடத்தில்தான் வெளியே போக முடியும், வீட்டுப் பக்கம் வண்டி வராது. இந்தக் காலோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு போக அவரால் முடியாது. பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நான் சாவியை எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். வாசற்படி வரைக்கும் நொண்டிக்கொண்டு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கொல்லை நடுவில் சேவல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த முப்பது அடியை அவர் கண்ணால் அளந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்க அவரால் முடியவில்லை.

பிரியா எங்களைத் தாண்டி இறங்கிப் போனாள். குனிந்து சேவலை எடுத்து, இறக்கையைச் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகத் தள்ளி நின்றாள்.

"நீங்க போங்க அப்பாரு," என்றாள். "நான் புடிச்சுக்கறேன்."