அரணை கவ்விய சுருட்டை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. 1956 பங்குனியில், போடியில் ஏலக்காய் ஆயும் கொட்டகையில், காய் பொறுக்கிக்கொண்டே ராக்கு சொன்னது. நான் அந்தக் கொட்டகைக்காரரின் கடையில் கடிதம் எழுதும் குமாஸ்தா. கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதித் தொலைத்தாலாவது தேவலை என்று உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: குரங்கணி அடிவாரத்தில், மழை எட்டிப் பார்க்காத ஒரு சரிவில், காலைக் கதிரவன் தன் பொற்—

(அடித்துவிட்டேன். அங்கே கல்லும் கள்ளியும்தான். பொன்னுக்கு என்ன வேலை?)

தொடக்கம் இரண்டு: ராக்குவும் அவள் புருஷன் அமாவாசையும் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குத்தவைத்திருந்த அவன் குதிகாலுக்குப் பின்னால் ஓர் அரணை. 'அரணை கடித்தால் மரணம்' என்று கேட்டு வளர்ந்தவள் ராக்கு. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கைக்கு வந்த கல்லைத் தூக்கிப் போட்டாள். குறி தப்பவில்லை.

செத்த அரணையின் வாயிலிருந்து ஏதோ நெளிந்து வெளியே வந்தது. ஒரு சாண்கூட இருக்காது.

"பாம்புக் குட்டிடி!" என்று சிரித்தான் அமாவாசை. "அரணை வாய்க்கு எரையாப் போற பாம்புக்கு என்னத்த வெசம் இருக்கப் போகுது?"

விரலால் அதைத் தள்ளிவிட்டான். விரலிலேயே கடித்தது. அது சுருட்டை விரியன்; குட்டிக்கும் விஷம் உண்டு.

3

இங்கே எனக்குப் பேனா ஓடவில்லை. பாம்பு அரணையைத் தின்னும் என்பது ஊரறிந்த சங்கதி. அரணை விரியனைத் தின்னுமா? மதுரைக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு வரி கிடைக்கவில்லை. (அந்தப் பொட்டல் பிராணிகளின் பசியை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை போலும்.) ராக்கு பார்த்தாள். புருஷனைக் கொல்ல வந்ததென்று அவள் அடித்தது, அவனைக் கொல்லப்போவதைத் தின்றுகொண்டிருந்த பிராணியை!

கதையில் கல்லை அமாவாசை கையில் கொடுத்து எழுதிப் பார்த்தேன். ராக்குவிடம் சொன்னேன்.

"செத்தவரு மேல பழியப் போடாதீக அண்ணே," என்றாள்.

கல்லை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

4

முடிவு ஒன்று (நடந்தது): அன்றைக்கு ஒன்றுமில்லை. கஞ்சி குடித்தான், முள்கட்டைச் சுமந்தான். மறுநாள் ஈறில் ரத்தம் கசிந்தது. நான்காம் நாள் அவனை—

(இதற்கு மேல் ராக்கு சொல்லவில்லை.)

முடிவு இரண்டு: கல் குறி தப்புகிறது. அரணை இரையோடு புதருக்குள் ஓடுகிறது. "என் காலையா ஒடைக்கப் பாத்த?" என்று வைகிறான் அமாவாசை. இருவரும் வீடு போகிறார்கள்.

5

ராக்குவுக்கு எழுத்து வாசனை கிடையாது. நேற்று இரண்டாவது முடிவைத்தான் வாசித்துக் காட்டினேன். காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழவில்லை.

"வீட்டுக்குப் போயி, பொறவு என்ன செஞ்சாரு அண்ணே?"

வேலை இருப்பதாகப் பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவன் என்ன செய்தான் என்று உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நாளைக்கும் அவள் கேட்பாள்.