எட்டு நிமிஷத் தூரம்

பழைய தீயணைப்பு நிலையத்தைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். ஓட்டுநர் அங்கே முப்பது வருஷம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வேண்டாவெறுப்பாகத்தான் கூட வந்தாள். வந்தவள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். குதிரை இழுத்த தண்ணீர் வண்டி, கூரையைத் தொடும் மர ஏணி, சூட்டில் உருகி ஒருபக்கம் சாய்ந்த தலைக்கவசம். அதைப் போட்டிருந்த தலை என்ன ஆனதோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் இருபத்தாறு வருஷக் கோபம் லேசில் போகுமா? அன்று வீடு பற்றி எரிந்தது. இரண்டு வயது மகள் உள்ளறையில் மாட்டிக்கொண்டாள். எட்டு நிமிஷத் தூரத்தில் இன்னொரு தீயில் நின்ற மனுஷன் எட்டிப் பார்க்கவில்லை. வேறு நிலையத்து ஆட்கள்தான் வந்து பிள்ளையைக் காப்பாற்றினார்கள். அதிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கும். “வேலையில இருந்தேன்” என்பதற்கு மேல் அவர் வாயைத் திறந்ததில்லை. கல்லுளிமங்கன்.

கடைசி அறையில் பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம்.

“அங்க ஒண்ணுமில்ல, வா போலாம்,” என்றார்.

வேண்டாம் என்றால்தான் அவளுக்கு வேண்டும். உள்ளே போனாள். பட்டியலில் அந்தத் தேதி இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

முதலில் அவளுடைய அலறல்தான். பிறகு கட்டுப்பாட்டு அறைக்காரர் வயர்லெஸ்ஸில் முகவரியைச் சொன்னார்.

“அது என் வீடு,” என்றது ஓட்டுநரின் குரல். “என்னால நகர முடியாது. பம்ப் என் கையில இருக்கு, விட்டா மாடியில தண்ணி நின்னுடும். உள்ள நாலு பிள்ளைங்க மாட்டியிருக்காங்க. வேற வண்டி அனுப்புங்க.”

அரை நிமிஷம் ஆகவில்லை. “வண்டி கெளம்பிடுச்சா?” மறுபடியும், “எங்க வருது?” மறுபடியும், “என் பொண்ணு பயந்தா கட்டிலுக்கடியில போயிடுவா. அங்க பாக்கச் சொல்லுங்க.”

வந்தவர்கள் நேராகக் கட்டிலுக்கடியில் குனிந்தது எப்படி என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

“குழந்தைய எடுத்தாச்சு. நல்லா இருக்கு,” என்றார் கட்டுப்பாட்டு அறைக்காரர்.

இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் விக்கி விக்கி அழுவது கேட்டது. பம்ப் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று மலைத்துப்போய் நின்றாள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். “ஏன் என்கிட்ட சொல்லல?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொல்லியிருந்தா அந்த நாலு பிள்ளைங்க மேல உனக்குக் கோவம் வந்திருக்கும். என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”