ஒரு டம்ளர் அருகம்புல் சாறு

நாச்சியம்மாளின் கணக்கு எளிமையானது. ஆஸ்பத்திரி மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அருகம்புல்லும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். இரண்டும் சேர்ந்தால் புருஷனுக்கு மெஷின் போடுவது குறையும், ஒரு நாள் நின்றே போகும். கிணத்துக்கடவில் யாரிடம் சொன்னாலும் சரிதான் என்றுதான் தலையாட்டுவார்கள். அவளுடைய வயிற்றுப்புண்ணை ஆற்றியதே அந்தப் புல்தான். மகனுக்குச் சொறி வந்தபோது மஞ்சளோடு அரைத்துப் பூசினாள், தழும்புகூட இல்லாமல் மறைந்தது. அப்படிப்பட்டதைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது?

அதனால் புருஷன் சென்னிமலைக்குக் கிட்னி கெட்டதிலிருந்து, விடிந்ததும் தோப்பு வாய்க்காலோரம் போய்க் குனிந்துவிடுவாள். கணுவைக் கிள்ளி, மண் போக அலசி, மிளகு சேர்த்து அரைத்து, துணியில் பிழிந்து ஒரு டம்ளர். அவரும் முகம் சுளிக்காமல் ஒரே மூச்சில் குடித்துவிடுவார்.

போன வாரம் வாசலில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தது. பிழைத்தது பெரும்பாடு. இன்று வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ரெபேக்கா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. கெட்டுப்போன கிட்னி அதை வெளிய தள்ளாது. இன்னொரு தடவை இப்படி ஏறினா இதயம் நின்னுடும். மறைக்காம சொல்லுங்க. இளநி, வாழைப்பழம், பச்சை இலைச் சாறு, இப்படி ஏதாவது குடுத்தீங்களா?"

இலைச் சாறு. புல்லும் அதில் சேர்த்தியா என்று நாச்சியம்மாள் யோசித்தாள். மருந்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் வைப்பார்களா? அவள் வாய் திறப்பதற்குள் சென்னிமலை முந்திக்கொண்டார்.

"இளநிங்க. இவளுக்குத் தெரியாம நாந்தான் வெட்டிக் குடிச்சுப்போட்டேன்."

டாக்டர் நன்றாகத் திட்டினார். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அரிவாளைத் தூக்கவே அந்தக் கையில் தெம்பு கிடையாது. தோப்புப் பக்கம் அவர் போயே மாதங்கள் ஆகின்றன. வராந்தாவுக்கு வந்ததும் அவரை நிறுத்தினாள்.

"எதுக்குங்க மாமா பொய் சொன்னீங்க?"

அவர் சுவரில் கையூன்றிக்கொண்டார்.

"புல்லுச்சாறுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மெஷின் போடற நர்ஸ் பாப்பா முன்னயே சொல்லுச்சு, பச்சைச் சாறே ஆகாதுன்னு."

"தெரிஞ்சேவா குடிச்சீங்க?"

"உனக்குப் பொழுது விடியறதே அதுக்குத்தான் நாச்சி. அதையும் வேண்டாம்னா உக்காந்து அழுவே. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

நாச்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவளைத் தேற்றுவதற்காக இந்த மனுஷன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார், அதுவும் அவள் கையாலேயே வாங்கிக் குடித்து. அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போய் டாக்டர் அறைக்கதவைத் தள்ளினாள்.

"அவரு இளநி குடிக்கலீங்க டாக்டரம்மா. நாந்தானுங்க. தெனமும் அருகம்புல் சாறு புழிஞ்சு குடுத்தேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை சொன்னீங்க. இனி வேண்டாம்மா."

"மாட்டேனுங்க. ஒரு சொட்டுகூடக் குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அங்கிருந்து போக அவளுக்குக் கால் வரவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அப்ப, விடிஞ்சா அவருக்குன்னு நான் என்னதானுங்க செய்யட்டும்?"

டாக்டர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.