கசாமா வீட்டுக் குளம் மூடப்பட்ட விவரம்

அந்த வருடம் கமினுமா ஊரில் முதல் பனி ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பிற்பகல் இரண்டு இருபதுக்கு விழுந்தது. கசாமா கியூஜிரோ தம் வீட்டுக் கொல்லைக் குளத்தின் கடைசிப் பலகையை இரண்டு பத்துக்குத்தான் வைத்து முடித்தார் என்பதே அதற்குக் காரணம். ஜப்பானின் எச்சிகோ மலையில் மற்ற ஊர்களுக்கெல்லாம் நவம்பர் கடைசியிலேயே பனி வந்துவிட்டது. கமினுமாவின் எல்லைக் கல் வரை வந்து, ஆளுயரத்துக்குச் சுவர் போல நின்று, அதற்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டுக்கூட விழாமல் அறுபது நாள் காத்திருந்தது. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. கசாமா வீட்டுக் குளம் மூடப்படாமல் கமினுமாவில் குளிர்காலம் தொடங்குவதில்லை. ஒன்பது தலைமுறையாக அப்படித்தான். அதற்கு முன் எப்படி இருந்தது என்பதை எழுதி வைக்கும் தகுதி உள்ள குடும்பம் எதுவும் அந்த ஊரில் இருக்கவில்லை.

குளம் மூடுவதற்கு முறை உண்டு. மேப்பிள் இலைகள் உதிர்ந்து முடிந்ததும் மேலே கட்டிய வலையைக் கழற்ற வேண்டும். அடிச்சேற்றை வாரி எடுக்க வேண்டும், ஆனால் ஒரு கையகலம் விட்டுவைக்க வேண்டும். கெண்டைகளுக்கு அதுதான் மெத்தை. கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் மூங்கில் குழாய் வழியாக அதை ஒரு மூலையில் நூல் போல விழவிட வேண்டும். அந்த இடம் மட்டும் உறையாமல் மீன்கள் மூச்சுவிட ஒரு வாய் திறந்திருக்கும். இதெல்லாம் எந்த வீட்டிலும் செய்வார்கள். கசாமா வீட்டு முறை தீனியில் இருக்கிறது. குளிர்ந்த நீரில் மீனுக்குச் செரிக்காது. வயிற்றில் தங்கும் தீனி அழுகி மீனைக் கொன்றுவிடும். அதனால் கடைசித் தீனி போட்ட நாளிலிருந்து பதினான்கு நாள் எண்ணி, பதினான்காம் நாள் குடும்பத் தலைவர் முறையான உடை உடுத்து, தேவதாருப் பலகைகளை அடுக்கி, வைக்கோல் பாய் விரித்து, ஒரு கிண்ணம் சாக்கே என்னும் அரிசி மதுவை ஊற்றி, "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று குனிந்து வணங்குவார். அவர் நிமிர்வதற்குள் பனி விழத் தொடங்கும். இடையில் யாராவது ஒரே ஒரு உருண்டை போட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு எண்ணிக்கை ஐந்தைத் தாண்டவில்லை.

குளத்தில் இருபத்து மூன்று வண்ணக்கெண்டைகள் இருந்தன. அவற்றில் மூத்தது பெனி. வெள்ளை உடம்பில் தோளிலிருந்து வால் வரை சிவப்புப் பட்டை. அதற்கு வயது எண்பத்தொன்று. கியூஜிரோவுக்கும் எண்பத்தொன்று. இருவரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள் என்பதால் அவருடைய தந்தை பெயர் சூட்டும் விருந்தை ஒன்றாகவே வைத்து முடித்திருந்தார். போன வசந்தத்தில் பலகை எடுத்த அன்றே மற்ற மீன்கள் மேலே வந்துவிட்டன. பெனி பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. அந்தப் பதினோரு நாளும் கியூஜிரோ குளக்கரையில் குப்பை பொறுக்குவது போல நின்றிருந்தார். இன்னொரு குளிர்காலத்துக்குள் பெனி போனால் திரும்பி வராது என்று அவருக்குப் பட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மீனுக்காகக் கலங்குவது கசாமா வீட்டு ஆண்களின் வழக்கம் அல்ல.

ஆகவே நவம்பரிலிருந்து ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நாள் காலையில் பெனி கரைக்கு வந்து வாயைத் திறந்ததும், அவர் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு கோதுமை உருண்டை தானாக நழுவி நீரில் விழுந்தது. கசாமா வீட்டில் ஒன்பது தலைமுறையாக யாரும் பொய் சொன்னதில்லை. கியூஜிரோவும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "இன்று ஐந்தாம் நாள்" என்று உண்மையைத்தான் சொன்னார்.

டிசம்பர் நடுவில் ஊர்த் தலைவர் கதாகிரி சதகிச்சி வேலியருகே வந்து நின்றார். கியூஜிரோவைவிட நான்கு வயது இளையவர், எதிர்வீட்டுக்காரர், பள்ளியில் அவருடைய பையைச் சுமந்தவர்.

"அண்ணே, இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"அஞ்சு."

"போன வாரமும் அஞ்சுன்னீங்களே."

"போன வாரம் போன வாரத்து அஞ்சு."

"ஊர்ல எல்லாரும் வண்டிக்குப் பனி டயர் மாட்டி ஒரு மாசமாச்சு. வெறும் ரோட்டுல ஓட்டித் தேஞ்சு போச்சுன்னு திட்டுறாங்க."

"மெதுவா ஓட்டச் சொல்லு."

டயர் மட்டுமல்ல. பனிக்கு அடியில் கிடந்து இனிக்க வேண்டிய முள்ளங்கிகள் வெயிலில் பூத்துவிட்டன. சறுக்கு மைதானத்தில் டிக்கெட் கிழிப்பவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். புத்தாண்டன்று வெட்டுக்கிளிகள் கத்தியதால் கோயில் மணி நூற்றெட்டு முறையும் சரியாக அடிக்கப்பட்டதா என்று பூசாரிக்கே சந்தேகம் வந்து, பாதியில் நிறுத்தி மறுபடி அடித்தார். தூங்கப் போக முடியாத கரடி ஒன்று கண் சிவந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. ஓட்டுநர் மூன்று நாள் கதவைத் திறந்து காத்திருந்தார். நான்காம் நாளிலிருந்து கையசைத்துவிட்டுப் போனார். வசந்தத்தில் வயலுக்குப் பாயும் நீர் இந்தப் பனி உருகித்தான் வரவேண்டும் என்பதால், ஜனவரியில் பேச்சில் சிரிப்பு குறைந்தது.

கதாகிரிக்கும் கொல்லையில் ஒரு குளம் உண்டு; தோண்டி ஐந்து வருடம்தான் ஆகிறது, சிமெண்டுத் தரை. அவர் தம் மீன்களுக்குத் தீனியை நிறுத்தி, பதினான்கு நாள் எண்ணி, ஜனவரி பத்தாம் தேதி தாமே பலகை அடுக்கி வணங்கினார். பனி வந்தது. அந்தக் குளத்தின் தகுதிக்கு எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு வந்தது, அதாவது கதாகிரி வீட்டின் மேல் மட்டும். ஒரே பகலில் கூரை வரை மூடிவிட்டது. அவருடைய மருமகள் மாடி ஜன்னல் வழியாக வெளியேறி, மூன்று அடி தள்ளி வெயிலில் நின்று, நனைந்த துணிகளைக் கசாமா வீட்டு வேலியில் காயப்போட்டாள். ஆனாலும் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். சறுக்கு மைதானத்து டிக்கெட்காரர் கதாகிரியின் கூரையடியில் மேசை போட்டார். கமினுமாவுக்குப் பனி கொண்டுவருவது கதாகிரி வீட்டுக் குளம் என்று ஒரு பேச்சு கிளம்பியது.

"ஒரே ஒரு வீட்டுல பெய்யறதுக்குப் பேரு பனியா? தும்மல்" என்றார் கியூஜிரோ. ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய மனைவி மிசாவோ கிண்ணங்களை எடுத்துவைத்தபடி, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பதினோரு நாள் கழிச்சு வந்துச்சு, இல்ல? நானும்தான் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு எண்ணிட்டிருந்தேன்."

கியூஜிரோ சட்டைக் கையை உள்ளே மடித்துக்கொண்டார்.

"சட்டைக்குள்ள போட்டுத் தொவைக்கக் குடுக்காதீங்க. உருண்டை ஊறி, சட்டைக் கை ரெண்டும் கூழாகுது. வருசம் பூரா தொவைச்சாலும் போகாது."

மறுநாள் கியூஜிரோ ஊர்த் தலைவரை வேலிக்கு அழைத்து, பெனி அதற்கு முந்தைய நாள் தின்றதே கடைசித் தீனி என்றும், இனி தினமும் காலையில் சாட்சியாக வந்து நின்று எண்ணிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். குடும்பத்தின் பேர் கதாகிரியின் கூரையடியில் டிக்கெட்டாகக் கிழிபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கதாகிரி தம் மாடி ஜன்னலிலிருந்து பனியில் சறுக்கி இறங்கி, காய்ந்த தரையில் நடந்து, தினமும் வந்தார். ஐந்தாம் நாள் கடந்தது. ஆறாம் நாள் கதாகிரி தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். ஒவ்வொரு காலையும் பெனி கரைக்கு வந்து வாயைத் திறந்தது. கியூஜிரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இராணுவத்தில் நிற்பது போல நின்றார்.

பதின்மூன்றாம் நாள் பெனி வரவில்லை. கால் மணி நேரம் கழித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மெல்ல மேலே வந்தது. வாய் மூடியே இருந்தது.

கியூஜிரோ மண்டியிட்டார். பிறகு, கதாகிரியும் அன்று கூட வந்து நின்ற மிசாவோவும் பார்க்க, சட்டைக் கைக்குள் விரலை விட்டு ஓர் உருண்டையை எடுத்து நீரில் போட்டார். அதை விவரிக்காமல் விடலாம். ஆனால் இந்தக் குடும்பத்தில் நடந்ததை நடந்தபடி சொல்வதே வழக்கம். பெனி உருண்டையை வாயில் எடுத்தது. இரண்டு முறை உருட்டியது. வெளியே துப்பியது. அது மிதந்து கரைக்கு வந்து அவர் முழங்காலருகே நின்றது. அவர் அதை மறுபடி தள்ளினார். பெனி அதை மூக்கால் திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை அவர் கையை நீட்டியபோது, பெனி ஏற்கெனவே திரும்பி, எந்த அவசரமும் இல்லாமல், அடிச்சேற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.



"எண்ணிக்கை கெட்டுச்சா, அண்ணே?" என்று கதாகிரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"திங்கலையே" என்றாள் மிசாவோ. "கெடல. பதிமூணு."

"பதிமூணு" என்றார் கியூஜிரோ.

மறுநாள் அவர் குடும்பச் சின்னம் பொறித்த கறுப்பு உடையை அணிந்து பலகைகளை அடுக்கினார். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. அன்று காலையிலிருந்து பிற்பகல் வரை ஆனது. கடைசிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடைவெளி வழியாக நெடுநேரம் நீரைப் பார்த்தார். வேலிக்கு வெளியே ஊர் முழுவதும் குடையோடு நின்றது. கரடியும் சற்றுத் தள்ளி நின்றது. பிறகு பலகையை வைத்தார், பாயை விரித்தார், சாக்கே ஊற்றினார், வணங்கினார். எல்லைக் கல்லருகே நின்ற வெண்சுவர் அசைந்து ஊருக்குள் நடந்து வந்தது. மாலைக்குள் கதாகிரியின் வீடு எது, மற்ற வீடுகள் எவை என்று வேறுபாடு தெரியவில்லை. கரடி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தூங்கப் போனது.

கியூஜிரோ உள்ளே வந்து அடியில் கணப்பு வைத்த தாழ்மேசையின் போர்வைக்குள் கால் நீட்டிப் படுத்தார். இரவுச் சோற்றுக்கு எழவில்லை. மறுநாளும் எழவில்லை. கண் திறந்திருந்தது, மூடவில்லை. கன்னங்கள் மட்டும் மிக மெதுவாக உப்பி வடிந்தன. மூன்றாம் நாள் வந்த மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டு தம் கடிகாரம் நின்றுவிட்டதா என்று இருமுறை காதில் வைத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு ஆறு துடிப்பு. உடம்பின் வெப்பம் குளத்து நீரின் வெப்பமாக இருந்தது.

"சோறு ஊட்டிப் பாக்கட்டுமா?" என்று மிசாவோ கேட்டாள்.

"இந்தக் குளிர்லயா? செரிக்காம வயித்துல அழுகிடும்மா. மீன் வளர்க்கிற வீட்டுல இருந்துட்டு நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

மிசாவோ வெட்கப்பட்டு, மிச்சமிருந்த வைக்கோல் பாயை அவர் மேல் போர்த்தி, மூச்சுக்காக ஒரு மூலையை மட்டும் மடித்து வைத்தாள். பனி நான்கு மீட்டர் பெய்தது. கசாமா வீட்டுக் கூரைப் பனியைக் கதாகிரி தாமே ஏறி வாரினார். மண்வெட்டியைத் தட்டாமல், கையால் அள்ளி இறக்கினார். உறைந்த குளத்தின் மேல் அடித்தால் அதிர்ச்சியில் அடியில் கிடப்பவை செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பனி அகற்றும் வண்டி அந்த வீட்டைக் கடக்கும்போது அதன் முன்னால் நடந்துபோய், "மெதுவா, மெதுவா, அண்ணன் அடியில இருக்காரு" என்று கொடி காட்டினார்.

ஏப்ரல் ஆறாம் தேதி மிசாவோ பலகைகளை எடுத்தாள். இருபத்திரண்டு மீன்கள் அன்றே மேலே வந்தன. பெனி வரவில்லை. வீட்டுக்குள் கியூஜிரோவும் அசையவில்லை. பதினோராம் நாள் ஆனது, பன்னிரண்டும் ஆனது. செர்ரி பூத்து உதிர்ந்தது. கதாகிரி தினமும் வேலியருகே வந்து, கேட்காமலே திரும்பிப் போனார். மிசாவோ ஒருநாள் குளக்கரையிலும் ஒருநாள் கணப்பு மேசையருகிலும் மாறி மாறி உட்கார்ந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் காலை, சேற்றிலிருந்து ஒரு சிவப்புப் பட்டை பிரிந்து, சாய்ந்து, நிமிர்ந்து, கரைக்கு வந்து வாயைத் திறந்தது. மிசாவோ ஒரு சிட்டிகை கோதுமைத் தவிடு தூவினாள். முதல் வாரத்தில் அதற்கு மேல் கூடாது. பெனி தின்றது. பிறகுதான் அவள் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். போர்வையின் ஓரத்தில் கியூஜிரோ முகத்தை வெளியே நீட்டி வாயைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கரண்டி கோதுமைக் கஞ்சி ஊட்டினாள். அவர் அதை இரண்டு முறை உருட்டினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுங்கினார்.

"பெனி?" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே சாப்பிட்டாச்சு."

கியூஜிரோ கொஞ்சம் யோசித்தார். "அதுதான் மொறை" என்றார்.

அடுத்த ஆண்டிலிருந்து, வீடு வீடாகப் போகும் ஊர்ச் சுற்றறிக்கையில், பனி அகற்றும் வண்டி வரும் நேரத்துக்குக் கீழே, கசாமா வீட்டில் குளமும் பெரியவரும் மூடப்படும் தேதி என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. அதைப் படித்த வீட்டார் வழக்கம்போலத் தங்கள் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள்.