இடது கண்

"மேலேர்ந்து கீழ. ஒரே பக்கமா. தேய்க்காதே, உருட்டு" என்றாள் படுக்கையில் கிடந்த அக்கா.

தங்கை பஞ்சுக்குச்சியை அக்காவின் இடது கண்ணோரத்தில் வைத்து உருட்டினாள். தையல்காரி அவள், ஊசி கோர்க்கும்போதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அக்கா மூன்று முறை மூச்சு வாங்கிவிட்டு, குச்சியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு இறுக்கி மூடச் சொன்னாள். பிறகு பேனா கேட்டாள். ஒட்டுத்தாளில் எதையோ எழுதித் தானே குழாயில் ஒட்டினாள்.

"ஃப்ரிட்ஜ்ல வை. நான் போனதும் எரிச்சிடுவீங்க. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் மிஞ்சாது."

இருபத்திரண்டு வருடமாக அக்காவுக்கு ஒரே வேலை, துடைப்பது. விண்வெளிக்குப் போகிற கருவிகளைக் கிருமியில்லாமல் துடைத்து, பஞ்சால் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, சுத்தம் என்று கையெழுத்துப் போடுவாள். செவ்வாயின் நிலத்தடியில் தண்ணீர் தேடப்போன துளைப்பானைக் கடைசியாகத் துடைத்ததும் அவள்தான். இங்கிருந்து ஒரு கிருமி ஒட்டிக்கொண்டு போனாலும், அங்கே உயிரைத் தேடுகிறவர்கள் தங்களையே கண்டுபிடித்துக் கொண்டாடுவார்கள் என்பாள். வீட்டிலும் அப்படித்தான். தண்ணியையே கழுவித்தான் குடிப்பாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கி எட்டு வருடமாகியும் நேற்றுதான் வாயைத் திறந்தாள்.

அம்மா இறந்த மறுநாள் அது. துளைப்பானை மூடி முத்திரையிடும் நாள் என்பதால் அக்கா விடுப்பு எடுக்கவில்லை. வேலைக்கு நடுவே கண் நிறைந்து, பாதுகாப்புக் கண்ணாடிக்குள் பார்வையை மறைத்துவிட்டது. நினைப்பில்லாமல் கண்ணாடியைத் தூக்கி, கையுறையோடு இடது கண்ணைத் துடைத்தாள். அதே கையால் துளைப்பானின் முனையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் உறைத்தது. சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஏவுகிற நாள் தப்பிவிடும், அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். முனையில் எடுக்க வேண்டிய மாதிரியை, தொடாத கைப்பிடியில் எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு சொட்டுக் கண்ணீர்தானேக்கா. அதுல என்ன இருந்துடப் போகுது?"

"அதைத்தான் எட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

போன மாதம் அந்தத் துளைப்பான் ஈரத்தைத் தொட்டுவிட்டது. கீழே இருட்டில், கரிக்கும் உப்புத் தண்ணீர். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் இந்த ரகசியம் தன்னோடு போகட்டும், உயிர் இருக்கிறதென்று வந்தால் குழாயைப் பெரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதுதான் அக்கா வாங்கிக்கொண்ட வாக்கு. பெரியவர் என்பது அவளுடைய மேலதிகாரி. தங்கை தலையாட்டினாள். ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தாள்.

காலை பதினோரு மணிக்கு வெந்நீர் எடுத்து வந்தபோது அக்காவுக்கு மூச்சு இல்லை.

வலது கண் மூடியிருந்தது. இடது கண் மூடவில்லை. தங்கை விரலால் அழுத்திப் பிடித்தாள். விட்டதும் ஒரு கோடளவு திறந்துகொண்டது. அந்தக் கோட்டில் ஈரம் மின்னியது. மருந்து கொடுக்க வரும் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். தங்கை எங்கே நகர்ந்தாலும் அந்தக் கண் கூடவே வருவதுபோல் இருந்தது.

சுடுகாட்டு வண்டி நாலு மணிக்கு என்றார்கள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். யாரோ குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு எலுமிச்சம்பழத்துக்கும் முட்டைத் தட்டுக்கும் நடுவே அக்கா இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தாள். ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கும்போதெல்லாம் தங்கை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர் இரண்டு மணிக்கு வந்தார். அக்காவின் காலடியில் கைகூப்பி நின்றார். கைபேசி அதிர, ஜன்னலோரம் போய்ப் பேசினார். திரும்பியபோது அவர் முகமே வேறாக இருந்தது. தங்கையை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"சாவு வீட்ல சொல்லக்கூடாதும்மா. ஆனா இவகிட்டதான் முதல்ல சொல்லணும்னு நெனச்சிருந்தேன். அந்தத் தண்ணில உயிர் இருக்கு. பெருகுது."

தங்கையின் பார்வை சமையலறைப் பக்கம் போனது.

"இங்கேருந்து ஒட்டிக்கிட்டுப் போனதா இருக்குமோன்னு எல்லாரும் கேட்டாங்க. துடைச்சது யாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்கல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் உலகத்துக்கே அறிவிக்கும்போது அக்காவைப் பற்றியும் சொல்லப்போகிறார்களாம்.

தங்கை சமையலறைக்குப் போனாள். குழாயை எடுத்தாள். தொட்டியருகே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பஞ்சை அலசிவிட்டால் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான், ஆனாலும் அக்காவின் பெயர் நிலைக்கும். வாக்குக் கொடுத்தது இவளுக்கும் செத்தவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று கையைப் பார்ப்பதுபோல் இருந்தது. தங்கை திரும்பவில்லை. அங்கே இருட்டில், உப்புத் தண்ணீரில், அம்மாவுக்காக அழுத அழுகை இன்னும் நிற்காமல் பெருகிக்கொண்டிருக்கிறது. இதையும் கழுவிவிட்டால் அது யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது. அக்கா அங்கே அநாதையாகிவிடுவாள். அதை நினைத்ததும், காலையிலிருந்து வராத அழுகை தங்கைக்கு வந்தது. தண்ணீரை மூடினாள்.

பெரியவர் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை குழாயை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒட்டுத்தாளைப் படித்தார். கோணல்மாணலாக, ஆனால் வரி பிசகாமல் அக்காவின் கையெழுத்து. இன்றைய தேதி. இடது கண். மாதிரி எண் இரண்டு.

"ரெண்டுன்னா, ஒண்ணு எங்கம்மா?" என்றார்.

"நீங்க சொன்ன அந்தத் தண்ணில" என்றாள் தங்கை.

கைபேசி மறுபடி அதிரத் தொடங்கியது. மேசையின் விளிம்பை நோக்கி அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை.